அப்பா இறந்த பிறகு வந்த தொண்ணூற்றேழு

1

வருகிற வியாழக்கிழமையோடு அப்பா செத்து ஒரு வருஷம். தம்பி அருள் போன வாரமே கூப்பிட்டான். பட்டாபிராமில் எங்கள் மாதா கோயிலில் அப்பா பேரில் காலைப் பூசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டானாம். "சாயங்காலம் கெடைக்கலக்கா, வேற யாருக்கோ முப்பதாம் நாளாம்" என்றான், ஏதோ சினிமா டிக்கெட் தீர்ந்துபோன மாதிரி. சரிடா என்றேன். அயர்லாந்தில் நான் இருக்கும் கார்க் நகரத்தில் அப்போது மழை பெய்துகொண்டிருந்தது. அதைப் போய் ஒரு செய்தி என்று சொல்வானேன்? பதினோரு வருஷமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வருஷம் முடிந்தால் அப்பாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவது வழக்கம். ஆவடியில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தார், ஒரு நாளும் ரயிலைத் தவறவிட்டதில்லை, கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். போதும். நான் எழுத உட்கார்ந்தது அவரைப் பற்றி அல்ல, அன்றைக்கு என் போனுக்கு வந்த ஒரு செய்தியைப் பற்றி.

அப்பா இறந்தது பிற்பகல் மூணு ஐம்பதுக்கு. அருள் எனக்குப் போன் செய்தது மூணு ஐம்பத்தைந்துக்கு. இங்கே காலை பதினொன்று இருபத்தைந்து. ஆபீஸ் நடைபாதையில் சுவரோரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்போது கையிலிருந்த போன் மறுபடியும் சத்தம் போட்டது. ஆவடி பூந்தமல்லி ரோட்டில் அப்பாவைச் சேர்த்திருந்த தனியார் ஆஸ்பத்திரியின் ஆப். "திரு. அந்தோணிசாமி. ஆக்சிஜன் 97. நிலை: சீராக உள்ளது." எல்லாம் பச்சை எழுத்தில். நேரம், இந்தியக் கணக்கில், நாலு மணி இரண்டு நிமிஷம்.

செத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆன மனுஷனுக்குத் தொண்ணூற்றேழாம். அந்தப் படுபாவிகளை என் வாயால் என்னென்ன சொன்னேனோ, அதெல்லாம் தமிழில் இருந்ததால் இங்கே யாருக்கும் புரியவில்லை.

2

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்க்கில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவில் இருக்கிறேன். நோயாளியின் கோப்பை யார் திறந்தார்கள், எத்தனை மணிக்கு, எதை மாற்றினார்கள் என்று கம்ப்யூட்டர் தானாகவே குறித்துவைக்கும். அந்தக் குறிப்பைத்தான் நான் நாள் முழுக்கப் படிக்கிறேன். இங்கே ஒவ்வொரு நர்ஸுக்கும் கழுத்தில் ஒரு அட்டை தொங்கும். அதைத் தொட்டால்தான் திரை திறக்கும். அதனால் பதிவில் மேரி என்று இருந்தால் அது மேரிதான். பதிவில் இல்லாதது நடக்கவில்லை. இதை நான் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுத்தே சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆபீசில் என்னை எல்லாரும் கூப்பிடுவது 'அந்தோணிசாமி' என்று. நம் ஊரில் பேருக்கு முன்னால் ஒரே எழுத்தாக இருந்த அப்பா, இந்த ஊர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராகிவிட்டார். "குட் மார்னிங், அந்தோணிசாமி!" அப்பா செத்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அன்றைய நாளுக்கு வருகிறேன். அப்பாவுக்கு நுரையீரலில் சளி கட்டி நாலு நாள் ஆகியிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பார்ப்பதற்கென்றே அந்த ஆஸ்பத்திரி ஆப் வைத்திருந்தது. இரண்டு மணிக்கு ஒருமுறை ஆக்சிஜன், நாடித்துடிப்பு, காய்ச்சல் எல்லாம் வரும். அன்று காலை பத்து மணிப் பதிவில் தொண்ணூற்றுநாலு. பன்னிரண்டு மணிக்குத் தொண்ணூற்றேழு. இரண்டு மணிக்கும் அதே தொண்ணூற்றேழு. ஏறுகிறது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சமயத்தில்தான் அருள் வார்டிலிருந்து கூப்பிட்டான்.

"அக்கா, அப்பாக்கு மூச்சு ஒரு மாதிரியா கீதுக்கா. இஸ்து இஸ்து வுட்டுகினு கீறாரு. பேச முடியல."

"எனக்கு இங்க தெரியுதுடா. தொண்ணூத்தேழு இருக்கு. காலையில விட நல்லா ஏறியிருக்கு."

"அது இன்னாவோ எனக்குத் தெரியாது. மூஞ்சே சரியில்லக்கா."

"நீ பயந்து அவரையும் பயமுறுத்தாத. காலையிலருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட. போய்ச் சாப்ட்டு வா, போ."

அவன் போனான். அக்கா சொன்னால் கேட்கிற தம்பி. சாப்பிட்டுவிட்டு மூணு இருபதுக்குத் திரும்பி வந்தபோது அப்பாவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

3

மறுநாள் காலை வந்து இறங்கினேன். அடக்கம் முடிந்தது. மண் அள்ளிப் போட்ட கையைக் கழுவும்போதே மனதுக்குள் மனு எழுத ஆரம்பித்துவிட்டேன். எனக்கு அழுகையைவிடக் கோபம் சுலபமாக வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பதிவின் நகல் கேட்டால் ஆஸ்பத்திரியில் கொடுப்பார்களா என்ன? முதல் நாள் நோயாளியே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவர் கல்லறையில் இருக்கிறார் என்றேன். இரண்டாம் நாள் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "அந்தோணிசாமிங்கிறது நீங்களா, பேஷண்டா?" என்றான் கவுண்டரில் இருந்தவன். இரண்டு பேரும் என்றேன். மூன்றாம் நாள் வாரிசு என்பதற்குச் சான்று. நான்காம் நாள் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி லீவு. ஆனால் இந்தத் தொழிலில் எந்தக் கதவை எங்கே தட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியுமே! எட்டாம் நாள் வார்டு முழுவதுக்குமான அன்றைய பதிவு, பன்னிரண்டு பக்கம், கையில் வந்தது.

அந்த வார்டில் பதினெட்டுக் கட்டில். பன்னிரண்டு மணிப் பதிவு பதினெட்டுப் பேருக்கும் இரண்டே நிமிஷத்தில் போடப்பட்டிருந்தது. இரண்டு மணிப் பதிவும் அப்படியே, நாலு மணிப் பதிவும் அப்படியே. இரண்டு நிமிஷத்தில் பதினெட்டுப் பேர் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்க்க மனுஷரால் முடியாது. யாரோ நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரிசையாக எண்ணைத் தட்டியிருக்கிறார்கள். யார் என்பதும் இருந்தது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரே பெயர்: ஜெசிந்தா. வார்டின் பொறுப்பு நர்ஸ். எங்கள் கோயிலுக்கு வருகிற அம்மாதான், நாற்பத்தைந்து வயதிருக்கும்.

அருளிடம் தாளைக் காட்டினேன். அவன் வெகுநேரம் பார்த்தான்.

"அக்கா, நாலு மணிக்கு அந்தம்மா என்னாண்டதான் நின்னுகினு இருந்துச்சு. அப்பாக்குத் தாடை கட்டுனதே அதுதான். கம்ப்யூட்டராண்ட போகவே இல்ல."

"நீ இருந்த நிலைமையில உனக்கு மணி தெரியுமாடா?"

"மத்தியானம் அது வார்டுல இல்லவே இல்லக்கா. நான்தான் உள்ளயே ஒக்காந்துகினு இருந்தேனே."

"பேர் இருக்கு பார். நிமிஷம், செகண்டோட இருக்கு. இப்படியே பாவம் பாவம்னு பேசிப் பேசித்தான் நம்ம ஊர் இந்தக் கதியில கிடக்கு."

அவன் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

விசாரணை என்று ஒரு குளிர்சாதன அறையில் உட்கார்ந்தோம். நிர்வாகி, இன்னும் இரண்டு பேர், நான். ஜெசிந்தாவை நிற்கவைத்திருந்தார்கள். உட்காரச் சொல்லுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

"இது உங்க பேர்தானே?"

"பேரு என் பேருதான் மேடம்."

"அப்புறம் என்ன?"

"நான் அப்ப வார்டுல இல்ல மேடம்." அவர் நிர்வாகியைப் பார்த்தார். நிர்வாகி மேஜையைப் பார்த்தார். "மூணு மணிக்கு நான் வந்து அப்பாவப் பாத்தப்போ..."

"அது பதிவுல இருக்கா?"

"இல்ல."

"அப்போ விடுங்க" என்றேன்.

நான் வகுப்பில் பேசுகிற அதே குரலில்தான் பேசினேன். மறுவாரம் கார்க் திரும்பியதும் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருந்தது: சம்பந்தப்பட்ட ஊழியர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அப்பாவுக்கு நியாயம் வாங்கிக் கொடுத்துவிட்டதாக நினைத்தேன். அன்று நன்றாகத் தூங்கவும் செய்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

4

என் மகள் கிளாராவுக்குப் பதினோரு வயது. தமிழ் புரியும், பேச வேண்டுமென்றால் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து வைப்பாள். நான் ஊரிலிருந்து திரும்பி வந்தபோது வாசலிலேயே கேட்டாள்: "தாத்தா முடிஞ்சு போயிட்டாரா?" அவளுக்குத் தெரிந்த வார்த்தை அது. கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கலாம். நானோ, பெட்டியைக் கீழேகூட வைக்காமல், அப்படிச் சொல்லக்கூடாது, இறந்துட்டார்னு சொல்லணும் என்று பாடம் எடுத்தேன். அதற்குப் பிறகு அவள் தாத்தாவைப் பற்றி என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள். நாளாவட்டத்தில் அதுவும் குறைந்துவிட்டது.

ஒரு நாள் என் போனை வாங்கி விளையாடிக்கொண்டிருந்தவள் அதை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அந்த ஆப்பை நான் அழிக்கவே இல்லை. அங்கே அப்பா இன்னும் சீராக இருந்தார், தொண்ணூற்றேழு, பச்சையில். "அம்மா, யாரும் இதை நிறுத்தலையா?" என்றாள். நிறுத்துவார்கள் என்றேன். நான்தான் புகார் கொடுத்துவிட்டேனே, இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் அப்போதும் நம்பினேன்.

5

போன வாரம், அருள் பூசை விஷயமாகப் பேசிய மறுநாள், ஆபீசில் ஒரு சின்னச் சம்பவம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு நர்ஸ். வந்து மூன்று வாரம். அட்டையை வீட்டில் மறந்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளின் அட்டையை வாங்கித் தொட்டு மருந்துப் பதிவு போட்டிருக்கிறாள். என் திரையில் அது சிவப்பாக வந்தது, அவளைக் கூப்பிட்டனுப்பினேன்.

அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நான் மருந்து சரியாத்தானே குடுத்தேன் அக்கா? எங்க ஆஸ்பத்திரில வார்டுக்கே ஒரே பேருதான். இன்சார்ஜ் அக்கா காலைல திறந்து வச்சிட்டுப் போவாக, நாங்க எல்லாரும் அதுலதான் போடுவோம். எல்லா எடத்துலயும் அப்படித்தானே?"

சரி, போ என்று அவளை அனுப்பிவிட்டேன்.

ஏனென்றால் எனக்குத் தெரியும். தெரியாமல் என்ன! கல்யாணத்துக்கு முன்னால் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்லைப் படித்து, என்ன வியாதிக்கு என்ன எண் என்று குறிக்கிற கம்பெனி. புது ஆளுக்குச் சொந்தப் பெயரில் கம்ப்யூட்டர் கணக்குத் திறக்க வாரக் கணக்கில் ஆகும். அதுவரை சும்மா உட்காரவைப்பார்களா? எங்கள் டீம் லீடர் லலிதா அக்காவின் பெயரில் ஆறு பேர் தட்டினோம். பாஸ்வேர்டு ஒரு மஞ்சள் சீட்டில் மானிட்டர் மேலேயே ஒட்டியிருக்கும். லலிதா அக்கா பிரசவ லீவில் ஊருக்குப் போன மாதமும் அவர் பெயரில் நாங்கள் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அதை வைத்து அவரைக் கேலி வேறு செய்வோம், "பிள்ளையும் பெத்துக்கிட்டு டார்கெட்டும் முடிக்கிறீங்களே" என்று. யாருக்கும் அது தப்பாகவே தோன்றவில்லை. இந்தக் குளிர் ஊரில் பதினோரு வருஷம் அட்டை தொங்கவிட்டுக்கொண்டதில் இதை நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பன்னிரண்டு பக்கத்தை எடுத்து விரித்தேன். இந்த முறை பத்து மணிப் பதிவையும் பார்த்தேன். அன்று அதைப் பார்க்கவில்லை, அதில் தப்பு இல்லையே என்று. பதினெட்டுக் கட்டிலுக்கு நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. ஒரு கட்டிலுக்கும் அடுத்ததற்கும் இரண்டு நிமிஷம், ஒரு கிழவருக்கு நாலு நிமிஷம். எண்களும் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. யாரோ நடந்து போய், விரலைப் பிடித்து, காத்திருந்து எழுதியவை. பன்னிரண்டிலிருந்துதான் அந்த இரண்டு நிமிஷத் தட்டல். பெயர் ஒன்றுதான், ஆனால் எழுதியவர்கள் வேறு. இதை ஒரு பயிற்சி மாணவி கண்டுபிடிக்காமல் விட்டால் நான் சத்தம் போடுவேன்.

அருளைக் கூப்பிட்டேன். "ஏன்டா அப்பவே என்கிட்ட அழுத்திச் சொல்லல?"

"சொன்னேனேக்கா. நீதான் பேப்பரக் காட்டுன."

அன்று மத்தியானம் மூச்சு வாங்குகிறது என்று சொன்னபோதும் நான் எண்ணைக் காட்டித்தான் அவன் வாயை அடைத்தேன். அதை அவன் சொல்லவில்லை. நான் சொன்னேன். "வுடுக்கா" என்றான். நான் அழுது முடிக்கும்வரை போனை வைக்காமல் இருந்தான். பிறகு ஜெசிந்தாவின் நம்பரை அனுப்பினான்.

6

உடனே கூப்பிடத் தைரியம் இல்லை. முதலில் ஆஸ்பத்திரிக்கு எழுதினேன்: என் புகார் தவறு, அந்தப் பதிவுகளைப் போட்டவர் ஜெசிந்தா அல்ல, ஆதாரம் இணைத்துள்ளேன், அவரை மறுபடியும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டே நாளில் பதில். "தாங்களே அளித்த சான்றுகளின் அடிப்படையில் விசாரணை முடிக்கப்பட்டது. பதிவேடுகளைத் திருத்த விதிகளில் இடமில்லை." அந்த இரண்டாவது வாக்கியம் அப்படியே நான் இங்கே பிறருக்கு எழுதுவது.

அப்புறம்தான் ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். அங்கே பகல். வண்டிச் சத்தம் கேட்டது. குமணன்சாவடியில் பஸ்ஸுக்கு நிற்பதாகச் சொன்னார். என் பெயரைச் சொன்னேன்.

"சொல்லுங்க மேடம்."

"மேடம் வேணாங்க. ஸ்டெல்லான்னே கூப்பிடுங்க. நான் உங்களுக்குப் பெரிய பாவம் பண்ணிட்டேன்."

"தெரிஞ்சிடுச்சா?" என்றார். குரலில் கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. "அன்னிக்குப் பதினோரு மணிக்கு ஒரு ஆர்ட் அட்டாக் கேஸ ஆம்புலன்ஸுல ஏத்திகினு பெரியாஸ்பத்திரிக்குப் போனேம்மா. வந்தப்போ மூணு ஆயிடுச்சு. வார்டுல டிரெய்னிங் பொண்ணுங்க ரெண்டு பேருதான். கம்ப்யூட்டர்ல கட்டம் காலியா இருந்தா செவப்பாயிடும். செவப்பானா மேலருந்து போன் போட்டுத் திட்டுவாங்க. அதுங்க பயந்துகினு எல்லாத்துக்கும் நல்ல நம்பரா போட்டுடுச்சுங்க. நாலு மணிக்கும் கட்டில பாக்காமலே அதயே தட்டிடுச்சுங்க."

"விசாரணையில அதைச் சொல்லியிருக்கலாமே?"

"வார்டுக்கு ஒரே பேரு குடுத்ததே மேல இருக்கறவங்கதானே, தெரியாதா அவங்களுக்கு? நான் சொன்னா அந்தப் பொண்ணுங்க போயிருக்கும். நான் இருவது வருஷ சர்வீஸு, ஒரு வார்னிங்கோட வுட்டுடுவாங்கன்னு நெனச்சேன். நீங்க பேப்பரும் கையுமா வந்துட்டீங்க."

இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டேன். எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்ப்பதில்லை. சேர்க்கும் முன் பழைய இடத்துக்குப் போன் செய்து விசாரிக்கிறார்கள், பொய்ப் பதிவு போட்டவள் என்று பதில் வருகிறது. பருத்திப்பட்டு ஏரிப் பக்கத்து ஃப்ளாட்டுகளில் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கும் பெரியவர்களுக்குக் கட்டு மாற்றுகிறார், ஊசி போடுகிறார். "எல்லாருக்கும் புள்ளைங்க ஃபாரின்லதான்மா. போன்ல பிரஷர் எவ்ளோ, சுகர் எவ்ளோன்னு நம்பர் கேக்குறாங்க. அப்பா எப்படிக் கீறாருன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல."

"அன்னிக்கு மூணு மணிக்கு என்னமோ சொல்ல வந்தீங்க. நான் சொல்ல விடல."

"இப்ப எதுக்கும்மா அது?"

"சொல்லுங்க."

பஸ் ஒன்று வந்து போகிற சத்தம். அவர் ஏறவில்லை.

"வந்ததும் ரவுண்டு பாத்தேன். ஒங்கப்பா மூஞ்சப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. வெரல்ல மாட்டுனேன். எழுவத்தியொண்ணு. ஆக்சிஜன ஏத்திவுட்டு, டாக்டர ஓடிப் போய் இஸ்துகினு வந்தேன். நடுவுல கம்ப்யூட்டர்ல போடப் பாத்தேன்மா, போட்டாதான் மத்தவங்களுக்கும் அலாரம் அடிக்கும். ரெண்டு மணிக் கட்டம் ரொம்பிடுச்சு, அடுத்தது நாலு மணிக்குத்தான் தொறக்கும்னு வந்துச்சு. தொண்ணூத்தேழு இருக்குல்ல, அது அசையல. ஒரு பேப்பர்ல எழுதி, மணி போட்டு, கேஸ் ஷீட்டுல பின் பண்ணேன்."

"அந்தப் பேப்பர் எங்க?"

"நீங்க லெட்டர் குடுத்த அன்னிக்கே ஃபைல மேல எடுத்துகினு போய்ட்டாங்க. திரும்பி வந்தப்போ பின்னு குத்துன ஓட்ட மட்டும்தான் இருந்துச்சு."

ஊரில் என் கட்டுரைகளைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், இதை எல்லாம் எழுதப்போகிறேன், உங்கள் பெயரை மாற்றிப் போட்டுவிடுகிறேன் என்றேன்.

"மாத்தாதீங்க. அங்க என் பேரத்தானே போட்டாங்க. இங்கயும் என் பேரயே போடுங்க" என்றார். பிறகு பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டார்.

ஆகவே போடுகிறேன். பெயர் ஜெசிந்தா. அன்று பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் அவர் வார்டில் இல்லை. நாலு மணி இரண்டு நிமிஷத்துக்கு என் அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார். அந்த ஒரு நாளில் என் அப்பாவின் விரலைத் தன் கையில் பிடித்து உண்மையான எண்ணைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான், காலையில் ஒரு தடவை, மூணு மணிக்கு ஒரு தடவை. அவர் வேலையைப் பறித்தவள், அந்தோணிசாமியின் மகள், நான்.